ஸ்விட்சில் இருந்தும் அடுத்தவர் டிராஃபிக் என் லேப்டாப்புக்கு வருகிறது, எப்படி?

திருப்பூர்_ஐடி:

வணக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஐடி ஆள் நான். ஐடி ஆள் என்றால் பிரிண்டருக்கு டோனர் போடுவதிலிருந்து ஃபயர்வால் வரை எல்லாம் என் தலையில்தான், பக்கத்தில் கேட்கவும் ஆள் இல்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் நெட்வொர்க் பெரிதில்லை. ராக்கில் 24 போர்ட் கிகாபிட் மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்று, அதிலிருந்து கட்டிங் செக்‌ஷனுக்கு இழுத்த 8 போர்ட் சாதா ஸ்விட்ச் ஒன்று. பிசி எல்லாம் 192.168.10 சப்நெட்டில், விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) பிரிக்கவில்லை. பில்லிங் மென்பொருள் ஆமை மாதிரி ஓடுகிறது என்று அக்கவுண்ட்ஸில் புகார். சரி, என்னதான் போகிறது என்று பார்ப்போம் என என் லேப்டாப்பை ராக் ஸ்விட்சின் காலி போர்ட் ஒன்றில் மாட்டி, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டேன்.

பில்லிங் பற்றி ஒரு பாக்கெட்கூடச் சிக்கவில்லை. ஆனால் சம்பந்தமே இல்லாமல், ஃபயர்வாலிலிருந்து லாக் சர்வருக்குப் போகும் சிஸ்லாக் (லாக் செய்தி) பாக்கெட்டுகள், யூடிபி 514, என் திரையில் சரசரவென்று ஓடுகின்றன. எல்லோருக்குமான பிராட்காஸ்ட் இல்லை, ஒரு குழுவுக்கான மல்டிகாஸ்டும் இல்லை. டெஸ்டினேஷன் மேக் (நெட்வொர்க் கார்டின் முகவரி) லாக் சர்வருடையதேதான், சர்வரில் போய் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். என் லேப்டாப்புக்கும் அந்த சர்வருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

இன்னும் குழப்புவது, இது எப்போதும் வருவதில்லை. கால் மணி நேரம் போல வந்துகொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி ஓடிக்கொண்டிருக்கும்.

ஹப் என்றால் எல்லா போர்ட்டுக்கும் அனுப்பும், ஸ்விட்ச் என்றால் உரியவருக்கு மட்டும் அனுப்பும் என்றுதான் படித்தேன். அப்படியானால் ஸ்விட்ச் எதை வைத்து முடிவு செய்கிறது? ஐபியைப் பார்த்தா? எங்கள் ஸ்விட்ச் கெட்டுவிட்டதா, அல்லது நான் படித்ததில்தான் பாதி விட்டுப்போனதா?

ரீபூட்_பண்ணு:

யாரோ போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டின் டிராஃபிக்கை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுப்பது) போட்டு வைத்திருப்பார்கள், கான்ஃபிகில் பாருங்கள். இல்லையென்றால் ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள். அதற்கும் கேட்கவில்லையென்றால் மாற்றிவிடுங்கள், ராக்கில் தூசியும் சூடும் சேர்ந்தால் எந்த ஸ்விட்சும் இப்படித்தான் கோளாறு பண்ணும்.

கேபிள்வாத்தியார்:

மேலே சொன்னதைச் செய்து காசைக் கரைக்க வேண்டாம். மிரரிங் இருந்திருந்தால் வழக்கமாக இரண்டு திசையும் தெரிந்திருக்கும், கூடவே மற்ற டிராஃபிக்கும் வந்திருக்கும், ஒரே ஒரு சர்வருக்குப் போவது மட்டும், அதுவும் விட்டுவிட்டு, வராது. உங்கள் ஸ்விட்ச் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். படித்ததில்தான் பாதி விட்டுப்போயிருக்கிறது, பெரும்பாலான பாடப் புத்தகங்களும் அந்தப் பாதியை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

முதலில் ஐபி விஷயம். சாதாரண லேயர் 2 வேலையில் ஸ்விட்ச் ஐபியைத் தொடுவதே இல்லை. ஈதர்நெட் ஃப்ரேமின் (பாக்கெட்டைச் சுமந்து கேபிளில் போகும் உறை) முதல் 6 பைட் யாருக்குப் போகிறது என்பது, அடுத்த 6 பைட் யாரிடமிருந்து வருகிறது என்பது. இரண்டும் மேக் முகவரிகள். விலான் டேக் இருந்தால் அதையும் பார்க்கும். அனுப்பும் முடிவுக்கு இவ்வளவு போதும், உள்ளே போவது ஐபியா, அரதப்பழசான ஐபிஎக்ஸா என்று அதற்குக் கவலையில்லை.

இந்த இரண்டு முகவரிகளையும் அது இரண்டு வெவ்வேறு வேலைகளுக்குப் பயன்படுத்துகிறது, உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. அனுப்புநர் முகவரியைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது: “இந்த மேக் 7-ஆம் போர்ட் வழியாக வந்தது, ஆகவே இந்த மேக் 7-ஆம் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது.” அதைத் தன் டேபிளில் எழுதிவைத்துக்கொள்ளும். பெறுநர் முகவரியை அதே டேபிளில் தேடும். கிடைத்தால் அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். பெறுநர், ஃப்ரேம் வந்த அதே போர்ட்டின் பக்கமே இருந்தால் அனுப்பாமல் போட்டுவிடும், உங்கள் 8 போர்ட் ஸ்விட்சுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பிசிகள் பேசிக்கொள்வதில் ராக் ஸ்விட்சுக்கு வேலையில்லை. டேபிளில் கிடைக்கவே இல்லையென்றால் வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லா போர்ட்டுக்கும் அனுப்பும். இதற்கு ஃப்ளட்டிங் என்று பெயர். இது கோளாறு அல்ல, தெரியாத முகவரியைத் தூக்கிப்போட்டால் நெட்வொர்க்கே ஓடாது என்பதால் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

கவனியுங்கள், ஒரு மெஷின் எங்கே இருக்கிறது என்று யாரும் ஸ்விட்சிடம் போய்ச் சொல்வதில்லை. மெஷின் தானாக ஒரு ஃப்ரேமாவது அனுப்பினால்தான் ஸ்விட்சுக்கு அது இருப்பதே தெரியும். வெறுமனே வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கும் மெஷினை ஸ்விட்சுக்குத் தெரியாது, நொடிக்கு ஆயிரம் பாக்கெட் அதற்குப் போனாலும் தெரியாது.

“அப்படியானால் தினமும் ஃப்ளட்டிங் நடக்க வேண்டுமே, ஏன் பார்த்ததில்லை?” என்று கேட்பீர்கள். ஏஆர்பிதான் காரணம், ஒரு ஐபிக்கு உரிய மேக் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை அது. ஸ்விட்சை இப்போதுதான் ஆன் செய்தீர்கள், டேபிள் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். 3-ஆம் போர்ட்டில் இருக்கும் பிசி, 7-ஆம் போர்ட்டில் இருக்கும் சர்வருக்கு பிங் அடிக்கிறது. பிங் உடனே போகாது. “192.168.10.25 யாரப்பா, உன் மேக் என்ன?” என்று முதலில் ஏஆர்பி பிராட்காஸ்ட் ஒன்று எல்லா போர்ட்டுக்கும் போகும். அது போகும்போதே ஸ்விட்ச் பிசியின் மேக்கை 3-இல் எழுதிக்கொள்ளும். சர்வர் பதில் சொல்லும், அது பிசிக்கு மட்டுமான யூனிகாஸ்ட், பிசி எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் நேரே 3-க்குப் போகும், போகிற போக்கில் சர்வரின் மேக்கும் 7-இல் பதிவாகிவிடும். அதற்கப்புறம்தான் உண்மையான பிங் பாக்கெட் கிளம்புகிறது, அதற்குள் ஸ்விட்சுக்கு இருவரையும் தெரியும். ஆக, இரண்டு மெஷின்கள் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்கும்போதே ஸ்விட்சுக்கும் ஓசியில் பாடம் நடந்துவிடுகிறது.

ஆனால் அந்தப் பாடம் நிரந்தரம் இல்லை. ஒரு மேக்கிடமிருந்து குறிப்பிட்ட நேரம் எதுவும் வரவில்லையென்றால் ஸ்விட்ச் அதை அழித்துவிடும். ஸ்விட்சுகளுக்கான 802.1டி தரத்தில் சொல்லியிருக்கும் வழக்கமான அளவு 300 நொடி, அதாவது 5 நிமிடம், பெரும்பாலான ஸ்விட்சுகளில் அதுவேதான் இருக்கும், லினக்ஸ் பிரிட்ஜிலும் அதுதான். அந்த மேக்கிடமிருந்து ஒவ்வொரு ஃப்ரேம் வரும்போதும் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்த மேக்குக்குப் போகும் ஃப்ரேம்களால் கடிகாரம் மாறாது.

இனி நீங்கள் சொல்லுங்கள். லாக் சர்வரில் எத்தனை நெட்வொர்க் கார்டு? அதன் டிஃபால்ட் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி) எந்தக் கார்டு வழியாக? ஃபயர்வால் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் மேல் ஓடுகிறது? அப்புறம், அந்த சிஸ்லாக் உங்கள் லேப்டாப்பில் கொட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஸ்விட்சில் நுழைந்து மேக் டேபிளில் லாக் சர்வரின் மேக்கைத் தேடிப் பாருங்கள், நின்றுபோன நேரத்தில் இன்னொரு முறை தேடுங்கள்.

பில்லிங் டிராஃபிக் உங்களுக்கு ஏன் தெரியவில்லை என்றால், அங்கே ஸ்விட்ச் ஒழுங்காக வேலை செய்கிறது. அதைப் பார்க்க பில்லிங் சர்வரின் போர்ட்டை உங்கள் போர்ட்டுக்கு மிரர் செய்ய வேண்டும்.

நைட்ஷிப்ட்:

வாத்தியார் கேட்டதோடு இன்னொன்று. லேப்டாப்புக்குத் தெரிகிறது என்றால் அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருக்கும் எல்லா பிசிக்கும் அதே பாக்கெட்டுகள் போகின்றன. அவர்கள் உணராததற்குக் காரணம், நெட்வொர்க் கார்டு தன் மேக் இல்லாத யூனிகாஸ்ட் ஃப்ரேமை ஹார்டுவேரிலேயே கழித்துவிடும், சிபியூ வரைக்கும் வராது. வயர்ஷார்க் கார்டை ப்ராமிஸ்குவஸ் மோடுக்கு மாற்றுவதால்தான் உங்களுக்குத் தெரிகிறது. ரேடியோ பக்கம் பெரும்பாலும் இது போகாது, ஆக்சஸ் பாயிண்டுக்குத் தன்னிடம் இணைந்திருப்பவர்கள் யார் என்று உறுதியாகத் தெரியும், அந்தப் பட்டியலில் இல்லாத மேக்குக்கு வருவதைக் காற்றில் விடாது. நீங்கள் வைஃபையில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

திருப்பூர்_ஐடி:

மிக்க நன்றி வாத்தியார் சார். கேட்டதெல்லாம் பார்த்துவிட்டேன்.

லாக் சர்வர் லினக்ஸ், இரண்டு கார்டு. ஒன்று 192.168.10.25, லாக் வருவது இதில். இன்னொன்று 192.168.20 சப்நெட்டில் ஸ்டோரேஜ் பெட்டியோடு இருக்கிறது, அது தனி ஸ்விட்ச், டிஃபால்ட் கேட்வேயும் அந்தப் பக்கம்தான். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி வைத்துவிட்டுப் போனார். நான் எஸ்எஸ்எச் நுழைவதும் 20 பக்கமாகத்தான். ஃபயர்வால் ஃப்ரீபிஎஸ்டி மேல் ஓடுவது.

மேக் டேபிள் நீங்கள் சொன்ன மாதிரியே. பாக்கெட் கொட்டும்போது தேடினால் காலி, அப்படி ஒரு மேக்கே இல்லை என்கிறது. நின்றிருக்கும்போது தேடினால் 11-ஆம் போர்ட் என்று அழகாகக் காட்டுகிறது. சிஸ்லாக்கையும் ஏஆர்பியையும் மட்டும் ஃபில்டர் செய்து விட்டுப் பார்த்தேன், ஃபயர்வாலிலிருந்து 10.25-ஐக் கேட்டு ஒரு ஏஆர்பி பிராட்காஸ்ட் வருகிறது, உடனே என் பக்கம் சிஸ்லாக் நின்றுவிடுகிறது. அப்போது ஏஆர்பி வந்ததும் ஸ்விட்ச் விழித்துக்கொள்கிறது என்று புரிகிறது, ஆனால் ஏன் இடையில் மறக்கிறது? பாக்கெட்தான் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறதே?

கேபிள்வாத்தியார்:

பாக்கெட் போய்க்கொண்டிருக்கிறது, வரவில்லை, அதுதான் சங்கதி.

உங்கள் சர்வரின் 10.25 கார்டு ஊமை. சிஸ்லாக் யூடிபி, வாங்கியதற்கு “சரி, கிடைத்தது” என்று ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாது. சர்வர் தானாக வெளியே பேசும் அப்டேட், என்டிபி, டிஎன்எஸ் எல்லாம் டிஃபால்ட் கேட்வே இருக்கும் 20 பக்கம் போய்விடுகிறது. நீங்கள் நுழைவதும் அந்தப் பக்கம். ஆக 10.25 கார்டிலிருந்து வெளியே வரும் ஒரே ஃப்ரேம், ஃபயர்வால் ஏஆர்பி கேட்கும்போது கொடுக்கும் பதில்.

ஃப்ரீபிஎஸ்டி ஒரு ஏஆர்பி பதிலை வழக்கமாக 1200 நொடி, அதாவது 20 நிமிடம் வைத்திருக்கும். ஸ்விட்ச் வைத்திருப்பது 5 நிமிடம். கணக்கு போடுங்கள். ஃபயர்வால் கேட்கிறது, சர்வர் பதில் சொல்கிறது, ஸ்விட்ச் 11-ஆம் போர்ட் என்று எழுதிக்கொள்கிறது, உங்கள் வயர்ஷார்க் அமைதியாகிறது. 5 நிமிடம் கழித்து ஸ்விட்ச் அழித்துவிடுகிறது. ஃபயர்வாலுக்கு சர்வரின் மேக் இன்னும் நினைவில் இருக்கிறது, ஆகவே அது மறுபடி கேட்காமலே அனுப்பிக்கொண்டிருக்கிறது, ஸ்விட்சுக்குத் தெரியாது, எல்லோருக்கும் அனுப்புகிறது. மீதி 15 நிமிடம் இப்படியே. அப்புறம் ஃபயர்வாலின் நினைவும் தீர்ந்து அடுத்த ஏஆர்பி. நீங்கள் முதல் பதிவில் எழுதிய “கால் மணி நேரம் போல” என்பதைப் படித்ததுமே எனக்கு இந்த 20-இல் 5 போகும் கணக்குதான் ஓடியது, அதனால்தான் ஃபயர்வால் எதன் மேல் ஓடுகிறது என்று கேட்டேன். நிமிடம் அச்சாக இருக்காது, சில சிப்களில் அழிக்கும் வேலை சுற்றுச் சுற்றாக நடக்கும், 5 என்பது கொஞ்சம் நீளும்.

சிஸ்கோ ரௌட்டர் இருந்திருந்தால் இன்னும் மோசம், அங்கே ஏஆர்பியின் வழக்கமான ஆயுள் 4 மணி நேரம். அதுவே விண்டோஸ் அல்லது லினக்ஸ் பிசி அனுப்பியிருந்தால் நீங்கள் இதைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள், அவை அரை நிமிடம் போல ஆனதுமே எதிராளி இன்னும் இருக்கிறானா என்று சந்தேகப்படத் தொடங்கிவிடும், மறுபடி விசாரிக்கும், அந்தப் பதிலில் ஸ்விட்சும் புதுப்பித்துக்கொள்ளும்.

நெட்ஃப்ளோ கலெக்டர், எஸ்என்எம்பி டிராப் வாங்கும் சர்வர் இவற்றிலும் இதே கதை நடக்கலாம், கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் எந்த மெஷினும் இந்த ரகம்தான்.

சரிசெய்ய வழிகள் பல. ஸ்விட்சில் அந்த மேக்கை 11-ஆம் போர்ட்டுக்கு ஸ்டாட்டிக்காக எழுதிவைக்கலாம், ஆனால் நாளை யாராவது கேபிளைப் பிடுங்கி 14-இல் சொருகினால் லாக் எல்லாம் வெறும் போர்ட்டுக்குப் போய் மறையும், காரணம் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு நாள் போகும், எனக்கு இது பிடிக்காது. ஃபயர்வாலில் ஏஆர்பி ஆயுளை 5 நிமிடத்துக்குக் கீழே குறைக்கலாம், உங்கள் அளவு நெட்வொர்க்கில் கூடுதலாகச் சில ஏஆர்பி வந்தால் ஒன்றும் ஆகாது. ஸ்விட்சின் ஆயுளை ஏற்றலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அது தப்பில்லை, போர்ட் லிங்க் விழுந்தால் அதில் இருந்த மேக்குகள் உடனே அழியும், மெஷின் இடம் மாறி ஒரு ஃப்ரேம் அனுப்பினாலும் புது போர்ட் பதிவாகிவிடும். ஆனால் உங்களிடம் நடுவில் அந்த 8 போர்ட் சாதா ஸ்விட்ச் இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் மெஷினைப் பிடுங்கினால் ராக் ஸ்விட்சில் லிங்க் விழாது, பழைய பதிவு ஆயுள் முடியும் வரை அப்படியே கிடக்கும். பேசாத மெஷின் என்றால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சிஸ்லாக்கை யூடிபியிலிருந்து டிசிபிக்கு மாற்றுவேன், ஃபயர்வாலில் அந்த வசதி இருக்கிறதா பாருங்கள். டிசிபியில் வாங்குபவர் வாங்கியதற்கெல்லாம் ஏக் (கிடைத்தது என்ற பதில்) அனுப்பியாக வேண்டும். ஃபயர்வாலின் முகவரி 192.168.10-இலேயே இருப்பதால் அந்த ஏக் 20 பக்கம் போகாமல் 10.25 கார்டு வழியாகவே வெளியேறும், ஸ்விட்சின் கடிகாரம் தானாகப் புதுப்பிக்கப்படும். லாக் வழியில் தொலைவதும் குறையும்.

ரீபூட்_பண்ணு:

சர்வரில் நிமிடத்துக்கு ஒரு பிங் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) போட்டால் போதாதா? இதற்கு இவ்வளவு பெரிய கதையா?

கேபிள்வாத்தியார்:

போதும், 10.25 கார்டு வழியாகப் போகும்படி ஃபயர்வாலின் 10 பக்க முகவரிக்கு அடித்தால். வேலை செய்யும். இரண்டு வருடம் கழித்து வருபவர் அந்த கிரானைப் பார்த்து “இது எதற்கு வெட்டியாக” என்று அழிப்பார், மறுபடி ஒருவர் இங்கே வந்து கேட்பார்.

பழையபிரிட்ஜ்:

இந்த இழையில் ஒரு பழைய ஆளாக மூக்கை நுழைக்கிறேன். கேட்டுக் கற்றுக்கொள்ளும் இந்த யோசனை ஸ்விட்சுக்கு முன்பே வந்தது. 80-களில் டிஇசி கம்பெனியில் இரண்டு ஈதர்நெட் துண்டுகளை இணைக்கும் பிரிட்ஜாக இது பிறந்தது, பெட்டிக்கு இரண்டே பக்கம். மெஷின்களில் எதையும் மாற்றக்கூடாது, நடுவில் ஒரு பெட்டி இருப்பதே அவற்றுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் நிபந்தனை, அதனால்தான் இன்றும் உங்கள் பிசிக்கு ஸ்விட்ச் இருப்பது தெரியாது, டிரேஸ்ரூட்டிலும் வராது. 1990 வாக்கில் கல்பனா என்ற அமெரிக்கக் கம்பெனி ஏழு போர்ட்டோடு ஈதர்ஸ்விட்ச் என்று ஒன்றை விற்றது. நிறுவியவர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ், தன் மனைவியின் பெயரைக் கம்பெனிக்கு வைத்தார். 1994-இல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. ஃப்ரேம் முழுதாக வந்துசேரக் காத்திராமல், பெறுநர் முகவரியைப் படித்ததுமே அடுத்த பக்கம் தள்ளத் தொடங்கும் கட்-த்ரூ முறை அவர்கள் பெட்டியின் பெருமை. அப்போது வேகம் 10 மெகாபிட், 1518 பைட் ஃப்ரேம் முழுதாக வந்துசேரவே 1.2 மில்லிநொடி ஆகும், அதில் மிச்சம் பிடிப்பது பெரிய விஷயம். இன்றைய கிகாபிட்டில் அதே ஃப்ரேம் 12 மைக்ரோநொடி, ஆகவே அலுவலக ஸ்விட்சுகள் முழுதாக வாங்கி, கடைசி 4 பைட்டில் இருக்கும் பிழைச்சோதனை எண்ணைச் சரிபார்த்து, கெட்டுப்போன ஃப்ரேமை அங்கேயே கொன்றுவிட்டு அப்புறம்தான் அனுப்புகின்றன.

வாத்தியார் சொன்ன நோய்க்கு இன்னொரு வகையும் உண்டு, வேண்டுமென்றே வரவழைப்பது. விண்டோஸ் சர்வரில் என்எல்பி என்று ஒரு லோடு பேலன்சிங் இருக்கிறது, அதன் யூனிகாஸ்ட் முறையில் எல்லா சர்வரும் ஒரே மேக்கைப் பகிர்ந்துகொள்ளும். ஸ்விட்ச் அந்த மேக்கை ஏதாவது ஒரு போர்ட்டில் கற்றுக்கொண்டால் மற்ற சர்வர்களுக்கு எதுவும் போகாதே? அதனால் வெளியே அனுப்பும் ஃப்ரேமில் மட்டும் அனுப்புநர் மேக்கை மாற்றிப் போட்டு அனுப்பும், ஸ்விட்ச் உண்மையான மேக்கைக் கடைசிவரை கற்றுக்கொள்ளவே முடியாது, எல்லா சர்வருக்கும் ஃப்ளட் ஆகும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அதே ஸ்விட்சில் இருக்கும் லேபிள் பிரிண்டரும் பயோமெட்ரிக் மெஷினும் 100 மெகாபிட் போர்ட்டில் அந்த முழு வெள்ளத்தையும் வாங்கித் திணறும். அதைத் தனி விலானில் அடைத்துவைப்பது நல்ல மருந்து.

நைட்ஷிப்ட்:

காலை ஷிப்ட் தொடங்கும்போது மட்டும் ஃப்ளட்டிங் கூடுகிறதா என்றும் ஒரு கண் வையுங்கள். ஸ்பானிங் ட்ரீ (லூப் ஆகாமல் உபரிப் பாதைகளை அடைத்துவைக்கும் ஏற்பாடு) ஓடும் நெட்வொர்க்கில் பழைய 802.1டி முறை இருந்து, பிசி மாட்டிய போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் (அதற்கு அப்பால் வேறு ஸ்விட்ச் இல்லாத போர்ட்) என்று குறிக்காமல் விட்டிருந்தால், யாராவது ஒரு பிசியை ஆன் செய்தாலே நெட்வொர்க் வடிவம் மாறிவிட்டது என்று அறிவிப்பு கிளம்பும். அதைக் கேட்ட ஸ்விட்சுகள் மேக் டேபிளின் ஆயுளை 300 நொடியிலிருந்து 15 நொடிக்குக் குறைத்துக்கொள்ளும். அதன் வேகமான புது வடிவமான ஆர்எஸ்டிபியில் எட்ஜ் குறிக்கப்படாத போர்ட் உயிர்பெற்று அனுப்பத் தொடங்கினால் மற்ற போர்ட்டுகளில் கற்றதை அப்போதே துடைத்துவிடும். ஐம்பது பேர் ஒன்பது மணிக்கு வந்து வரிசையாக ஆன் செய்தால் டேபிள் நிலைக்கவே நிலைக்காது. பிசி போர்ட் எல்லாவற்றையும் எட்ஜ் ஆக்கிவிடுங்கள். ஆனால் கட்டிங் செக்‌ஷனுக்குப் போகும் போர்ட்டை அப்படிக் குறிக்காதீர்கள், அங்கே யாராவது அந்த சாதா ஸ்விட்சிலிருந்து இரண்டாவது கேபிளை ராக்குக்கே கொண்டுவந்து சொருகினால் லூப் ஆகிவிடும். ஈதர்நெட் ஃப்ரேமில் ஐபியில் இருப்பதுபோல் டிடிஎல் (எத்தனை தாவலுக்குப் பின் சாக வேண்டும் என்ற எண்) கிடையாது, ஒரு பிராட்காஸ்ட் சுற்றத் தொடங்கினால் கேபிளைப் பிடுங்கும் வரை சுற்றிக்கொண்டே, ஒவ்வொரு சுற்றிலும் எல்லா போர்ட்டுக்கும் நகலெடுத்துக்கொண்டே இருக்கும்.

திருப்பூர்_ஐடி:

இப்போதுதான் தெளிவானது. ஒரு சந்தேகம் மட்டும். தெரியாத மேக் என்றால் எல்லோருக்கும் அனுப்பும் என்றால், யாராவது வேண்டுமென்றே இதைச் செய்ய வைத்து அடுத்தவர் டிராஃபிக்கைப் பார்க்க முடியுமே? எங்கள் ஸ்விட்சில் மேக் டேபிள் 8 ஆயிரம் என்று போட்டிருக்கிறது, அது நிரம்பிவிட்டால்?

பழையபிரிட்ஜ்:

முடியும், பழைய வித்தை. பொய்யான அனுப்புநர் மேக்குகளை நொடிக்கு ஆயிரக்கணக்கில் கிளப்பி டேபிளை நிரப்பினால் புதிதாக வருபவர்களுக்கு இடம் இருக்காது, அவர்களுக்குப் போவதெல்லாம் ஃப்ளட் ஆகும். மேக்ஆஃப் என்று அதற்கென்றே ஒரு கருவி பல வருடமாக உலவுகிறது. மேனேஜ்டு ஸ்விட்சில் போர்ட் செக்யூரிட்டி என்று தேடுங்கள், ஒரு போர்ட்டில் இரண்டு மூன்று மேக்குக்கு மேல் வந்தால் மூடிவிடச் சொல்லலாம். கட்டிங் செக்‌ஷன் போர்ட்டுக்கு மட்டும் அங்கே இருக்கும் மெஷின்களின் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி கூட்டி வையுங்கள், இல்லையென்றால் நீங்களே அவர்களைப் பூட்டிவிடுவீர்கள்.

8 ஆயிரம் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பல சிப்கள் மேக்கையும் விலானையும் ஹாஷ் செய்து, கிடைக்கும் எண்ணுக்குரிய சின்னப் பெட்டிக்குள் எழுதுகின்றன, ஒரு பெட்டிக்குள் நாலு பேருக்குத்தான் இடம் என்றால் ஐந்தாவதாக அதே பெட்டிக்கு வருபவருக்கு இடமிருக்காது, மொத்த டேபிள் பாதி காலியாக இருந்தாலும். உங்கள் அளவில் இது வராது, ஆயிரக்கணக்கில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டுபவர்கள் சந்திப்பார்கள்.

பொதுவாக, ஸ்விட்ச் இருக்கிறது, அதனால் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று நம்பி எதையும் வைக்காதீர்கள். உரியவருக்கு மட்டும் அனுப்புவது வேகத்துக்காக வந்த ஏற்பாடு, ரகசியத்துக்காக அல்ல. ஏஆர்பியில் பொய் சொல்லி டிராஃபிக்கைத் தன் பக்கம் திருப்புவது டேபிளை நிரப்புவதைவிடச் சுலபம். ஃபயர்வால் லாக்கில் யார் எங்கே போகிறார்கள் என்பதெல்லாம் இருக்கும், டிசிபிக்கு மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள், முடிந்தால் ரகசியமாக்கி அனுப்பும் டிஎல்எஸ் சிஸ்லாக்காகவே மாற்றிவிடுங்கள், அதற்கான போர்ட் 6514.

திருப்பூர்_ஐடி:

மாற்றிவிட்டேன். இப்போதைக்கு வெறும் டிசிபி, டிஎல்எஸ்ஸுக்கு சர்ட்டிஃபிகேட் வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். மதியத்திலிருந்து வயர்ஷார்க் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏஆர்பியும் பிரிண்டர்களின் மல்டிகாஸ்ட் சத்தமும் மட்டும்தான். மேக் டேபிளில் லாக் சர்வர் 11-ஆம் போர்ட்டிலேயே இருக்கிறது, எத்தனை முறை தேடினாலும்.

பிசி போர்ட் எல்லாவற்றையும் எட்ஜ் ஆக்கிவிட்டேன், கட்டிங் செக்‌ஷன் போர்ட் நீங்கலாக. பில்லிங் மட்டும் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது, அக்கவுண்ட்ஸில் திட்டு நின்றபாடில்லை.

கேபிள்வாத்தியார்:

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது, சிஸ்லாக் ஃப்ளட் ஒரு கிகாபிட் போர்ட்டை அந்த அளவுக்கு அடைக்காது. பில்லிங் சர்வரின் போர்ட்டை உங்கள் போர்ட்டுக்கு மிரர் போட்டு, காலையில் அவர்கள் பில் அடிக்கும் நேரம் ஒரு கேப்சர் எடுங்கள். அதற்கு முன்னால் ஸ்விட்சில் அந்த போர்ட்டின் கவுன்டரைப் பாருங்கள், சிஆர்சி பிழை (கெட்டுப்போய் வந்த ஃப்ரேம்களின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டிருக்கிறதா, லிங்க் 100 மெகாபிட் ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) போய் உட்கார்ந்திருக்கிறதா என்று. இருந்தால் முதலில் பேட்ச் கார்டை மாற்றுங்கள், லிங்க் வேகத்தை இரண்டு பக்கமும் ஆட்டோவில் வையுங்கள். கிடைத்ததைப் புது இழையில் போடுங்கள், பார்க்கலாம்.